மீன் வண்டிக்கு முன் பிரேக் சாமான் வாங்கும்போது விலையை மட்டும் பாக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகுதுன்னா மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒர்க்‌ஷாப்ல வண்டி விட இடம் கிடைக்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால நிறைய மீன் வண்டியும் அப்படியே நின்னுடும், அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பிரேக் வேலைக்குக் கொண்டாந்து விடுறாங்க. அந்த அவசரத்துல என்ன சாமான் போடுறாங்கன்னு யாரும் கேக்குறதில்ல, "எது கம்மி விலையோ அதப் போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. எங்க வீட்டு லோடு வண்டிகளுக்கு ஸ்பேர் வாங்குறதும் பில்லு கணக்கு பாக்குறதும் நாந்தான், அதனால இத எழுதணும்னு தோணுச்சு.

வண்டி நிக்கிறதுனால பிரேக் தேயாதுன்னு நினைக்கிறாங்க, நம்ம ஊர்ல அப்படி இல்லைங்க. சக்கரத்தோட சேர்ந்து சுத்துற பிரேக் தட்டு, அதான் டிஸ்க், வார்ப்பிரும்பு, உப்புக்காத்து பட்டா ரெண்டே நாள்ல செவந்து போயிடும், ஓட்டினா அந்த மேல்துரு போயிடும், ஆனா மாசக்கணக்குல நின்னா குழி குழியா அரிச்சிடும். அதவிட மோசம் காலிப்பர் ஸ்லைடு பின். ரெண்டு பக்கமும் பிரேக் பேட்ட டிஸ்க்கோட அழுத்திப் பிடிக்கிறதுதான் காலிப்பர், அது நகர்றது இந்தப் பின் மேலதான். பின்ன மூடியிருக்குற ரப்பர் பூட் லேசா கிழிஞ்சிருந்தாகூட உள்ள ஈரம் போய் பின் இறுகிடும், அப்புறம் காலிப்பர் நகராது, உள்பக்க பேட் மட்டும் தேஞ்சு தகடு வரைக்கும் வந்துடும், வெளிப்பக்க பேட் புதுசு மாதிரியே இருக்கும், பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மெக்கானிக் அவசரத்துல பேட் மட்டும் மாத்தி விடுவாரு, கொஞ்ச நாள்ல மறுபடி அதே மாதிரி ஒரு பக்கத் தேய்மானம், "கம்பெனி பேடே சரியில்ல"ன்னு பேச்சு வேற. பேட் மாத்தும்போதே பின், பூட், கிளிப் எல்லாம் சேர்ந்த கிட் வாங்கி மாத்திடணும், சூடு தாங்குற பிரேக் கிரீஸ்தான் வைக்கணும், வீல் பேரிங் கிரீஸ வச்சா ரப்பர் உப்பிப் போயிடும்.

பேட் வாங்கும்போது முதல்ல பின்தகட்டத் திருப்பிப் பாருங்க. சும்மா பெயின்ட் அடிச்ச மட்டமான தகடா இருந்தா உப்புத்தண்ணி தகட்டுக்கும் அது மேல இருக்குற உராயுற பாகமான லைனிங்குக்கும் நடுவுல புகுந்து துருப்பிடிச்சு லைனிங்க மேல தூக்கும், ஒரு நாள் லைனிங் அப்படியே கழண்டு வரும். நல்ல பேட்ல பவுடர் கோட்டிங் ஓரம் வரைக்கும் சீரா இருக்கும். நிறைய பேட்ல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து அச்சடிச்சிருக்கும், எஃப் எஃப்னு இருந்தா முதல் எழுத்து சாதாரண சூட்டுல எவ்வளவு பிடிக்கும்னு, ரெண்டாவது எழுத்து நல்லா சூடேறினப்புறம் எவ்வளவு பிடிக்கும்னு. எஃப்னா உராய்வு அளவு 0.35ல இருந்து 0.45 வரைக்கும், ஈ-ன்னா அதுக்கும் கம்மி. ஐஸும் மீனுமா ஏத்திக்கிட்டு மதுரை வரைக்கும் போற வண்டிக்கு இந்த ரெண்டாவது எழுத்துதான் முக்கியம். ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே கம்பெனி, ஒரே செட்டா மாத்தணும், ஒரு பக்கம் மட்டும் மாத்துறது வேண்டவே வேண்டாம்.

டிஸ்க்குலயே குறைஞ்சபட்ச தடிமன் எத்தனை மி.மீ.ன்னு பொறிச்சிருப்பாங்க, லேத்துல கடைஞ்சப்புறம் அதுக்குக் கீழ போச்சுன்னா அந்த டிஸ்க்க போடக்கூடாது. பெரிய வண்டியில டிரம் பிரேக்குக்கு ரிவெட் லைனிங் மாத்துறவங்க லைனிங்கத் தாங்குற பழைய ஷூவுல துருவ சுத்தமா சுரண்டி பெயின்ட் அடிச்சிட்டுத்தான் புது லைனிங் அடிக்கணும், துரு மேலயே அடிச்சா லைனிங் விரிசல் விடும்.

பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தக்கூட இழுத்துக்கும். டாட் 4ங்குற ரக ஆயில் புதுசுல 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கணும், ஈரம் ஏறிட்டா 155 டிகிரி வரைக்கும் எறங்கிடலாம், கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். கடையில திறந்து வச்ச கேன்ல இருந்து ஊத்தித் தர்றத வாங்காதீங்க, சீல் உடைக்காத சின்ன பாட்டில் வாங்குங்க.

பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம், ரானேன்னு பிரேக் சாமான் செய்யுற பெரிய கம்பெனிகள் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. ஆனா பேர் போன கம்பெனி அட்டைப்பெட்டியிலயே டூப்ளிகேட்டும் வருது, அதனால பார்ட் நம்பர் போட்ட பில் தர்ற கடையில மட்டும் வாங்கணும். பில் கேட்டா மூஞ்சி சுளிக்கிற கடை நம்ம பக்கம் இருக்கு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம், ஏன்னா அந்தச் சாமான நம்பி ஓட்டுறது சம்பளத்துக்கு வர்ற டிரைவர் தம்பிங்க. 1988ல திறந்த பாம்பன் ரோட்டுப் பாலத்துல டூரிஸ்ட் காருங்க கடலப் பாக்க திடீர்னு நிப்பாட்டுறாங்க, பின்னாடி லோடோட வர்ற வண்டிக்கு ஒதுங்க இடம் கிடையாது, பிரேக் போடும்போது பாரம் முன்னாடி சாயுறதுனால முன் பிரேக்தான் காப்பாத்தணும்.

எட்டு வருஷம் ஆகாத சரக்கு வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்று. கடல்ல இருந்து தள்ளி இருக்குற ஊருக்கு அது போதுமா இருக்கலாம், தனுஷ்கோடி ரோட்டுல ஓடுற வண்டிக்குப் போதாது. அதனால வட்டாரப் போக்குவரத்து அதிகாரிங்க வருஷா வருஷம் மே மாசம் மீன் இறங்குதளங்கள்ல ஒரு இலவச பிரேக் செக்கப் முகாம் வைக்கணும், சக்கரத்தக் கழட்டிப் பாக்கணும். வண்டி முதலாளிங்களும் ஜூன் வரைக்கும் காத்திருக்காம மே மாசமே வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க, மெக்கானிக்குக்கு நிதானமா வேலை பாக்க நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மீன் வண்டி வச்சிருக்கும் ஒரு வாசகி,
தங்கச்சிமடம்