75,000 ரூபாயும் ஒரு கணக்கு ஆசிரியரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கர்நாடகத்தில் 2023-இல் 83.89 விழுக்காடாக இருந்த எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி, தேர்வறைகளில் கேமரா பொருத்தப்பட்ட 2024-இல், கூடுதல் கருணை மதிப்பெண் அளித்த பிறகும் 73.40 ஆகச் சரிந்ததிலிருந்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதுவரை பார்த்தெழுதித்தான் தேறினார்கள் என்ற பேச்சு பெங்களூரில் சகஜமாகிவிட்டது. அல்சூர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் எஸ்.டி.எம்.சி.யில் (பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுவில்) பெற்றோர் உறுப்பினராக இருக்கும் நான், அப்படிப் பேசுவோர் ஒருமுறை பள்ளியின் வரவு செலவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம், 251 முதல் 1,000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய். எங்கள் பள்ளியில் நானூறு பேருக்கு மேல் படிக்கிறார்கள்; தலைக்கு 190 ரூபாய்கூடத் தேறாது. சம்பளமும் பாடநூலும் மதிய உணவும் தனிக் கணக்கு, மின்சாரமும் தண்ணீரும் இலவசம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் சாக்பீஸ், பதிவேடு, பழுதுபார்ப்பு, ஆய்வகப் பொருள் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஆள் நியமனம் இல்லாததால், ஓர் அம்மாவுக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறோம். ஏறக்குறையப் பாதி மானியம் அதிலேயே கரைந்துவிடுகிறது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அந்தச் செலவில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆய்வகத்தில் உடைந்த ப்யூரெட் என்னும் அளவுக் குழாய்கள்தான் இரண்டு ஆண்டாக அலமாரியில் அப்படியே கிடக்கின்றன.

அதைவிடப் பெரிய குறை ஆசிரியர் இல்லாதது. சென்ற ஆண்டு கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்குப் பள்ளி திறக்கும்போதே வந்திருக்க வேண்டிய அதிதி ஆசிரியர் (தற்காலிக ஆசிரியர்) ஆகஸ்ட் இரண்டாம் வாரம்தான் வந்து சேர்ந்தார். அதுவரை கணக்குப் பீரியடில் உடற்பயிற்சி ஆசிரியர் உட்கார்ந்து சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார். தேறாதவர்களில் பெரும்பாலோர் தவறியது கணக்கில்தான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள்கூடக் கன்னடத்தில் ஒருவரும் தவறவில்லை. முடிவு வந்த மறுவாரமே விளக்கம் கேட்டுத் தலைமை ஆசிரியருக்கு நோட்டீஸ் வந்தது. ஆசிரியர் வேண்டும் என்று அவர் ஜூன், ஜூலையில் எழுதிய கடிதங்களுக்கோ இன்றுவரை பதில் இல்லை.

தேர்ச்சி மதிப்பெண்ணை 35-இலிருந்து 33 விழுக்காடாகக் குறைப்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். அதனால் எங்கள் பள்ளியிலும் நாலைந்து பேர் கூடுதலாகத் தேறலாம், பி.யு.சி. (பதினொன்றாம்) வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகு அந்தக் கணக்கை அவர்களுக்கு யார் சொல்லித் தருவது? காலியிடங்களை மே மாதத்திலேயே கணக்கெடுத்து, பள்ளி திறக்கும் நாளிலேயே அதிதி ஆசிரியர் வகுப்பில் இருக்கும்படி கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். துப்புரவுச் செலவையும் மானியத்திலிருந்து பிரித்துத் தனியே தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
அல்சூர், பெங்களூரு.