ஆல்பம் போச்சு, கல்யாணம் போகலை: விசா ஏஜென்ட் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஃபாரம் நிரப்பிக் கொடுக்கும் அண்ணன்களே,

கனடாவில் இருக்கும் என் கணவரிடம் போய்ச் சேர மனு போடுகிறோம், எங்கள் கல்யாணத்துக்கு ஆதாரம் கேட்கிறார்கள். அதற்கு உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குச் சொன்ன யோசனை: "உன் வீட்டுக்காரர் லீவுல வரட்டும்மா. ஸ்டூடியோவுல மாலை போட்டு மறுபடி எடுத்துடலாம். அஞ்சு புடவை கொண்டா, மெரினா, மகாபலிபுரம்னு தனித்தனி நாள் மாதிரி காட்டிக்கலாம்."

என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். 2023 ஆவணியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் கல்யாணம். நாற்பது பேர். டிசம்பரில் மிக்ஜாம் புயல். எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் ஏறியது. இப்போது ஆல்பத்தைப் பிரித்தால் முகம் ஒரு தாளில், மாலை எதிர்த்தாளில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

நாற்பதை நூறாகவும் எழுதச் சொன்னார். இது தங்கமான யோசனையா அண்ணே? பொய்த் தகவல் என்று பிடித்தால் கனடா குடிவரவுச் சட்டத்தின் 40வது பிரிவில் 5 வருஷம் தடை. தடை விழுவது எங்கள் மேல், உங்கள் மேல் இல்லை. உண்மையான கல்யாணமா, குடியேறுவதற்காகவே செய்ததா என்று இரண்டையும் பார்க்கிறார்கள். எதில் இடித்தாலும் மனு போச்சு. உள்ளதைச் சொல்லியே தேற வேண்டிய இடத்தில் இல்லாததை ஏன் திணிக்கிறீர்கள்?

மனுவுக்குப் போட்டோ 20க்கு மேல் கேட்கவில்லை. சித்தி மகன் செல்போனில் கோணலாக எடுத்ததே தேறும். கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, 90 நாளுக்குள் பதிந்துவிட்டோம். நாங்கள் இருவரும் அனுப்பிக்கொண்ட மெசேஜ் 10 பக்கம் வரை வைக்கலாம். "ஹார்ட் போட்டதா பொறுக்கிக் குடு" என்றார் அந்த ஏஜென்ட் அண்ணன். எங்களிடம் அப்படி அதிகம் இல்லை. "ஈ.பி. கட்டிட்டியா", "அத்தைக்கு சுகர் மாத்திரை தீந்துடுச்சு" — இவைதான் இருக்கின்றன. என் கணவர் டொரொண்டோவில் பகல் 12 மணி சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிடுவார். கோடையில் எனக்கு இரவு 9:30. நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் என் கால் ஹிஸ்டரி 10:30க்குத் தாவுகிறது, மார்ச்சில் திரும்பி வருகிறது. வருஷா வருஷம். அதையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். (மாமியார் சிரித்தார், சிரிக்கட்டும்.)

வெள்ளம் வந்த ராத்திரி அவருக்கு நான் அனுப்பியதும் பத்துப் பக்கத்தில் போகும்: "சிலிண்டரைக் கட்டில் மேல ஏத்திட்டோம். ஆல்பம் ஞாபகமே வரலை, திட்டாதீங்க." அவர் பதில்: "அம்மா மேல ஏறிட்டாங்களா?"

உங்களிடம் எனக்கு வேண்டியது ஒரே வேலை. இந்தத் தமிழ் வரிகளை ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து உள்ளது உள்ளபடி இங்கிலீஷில் எழுதி வாங்கி, அவருடைய அஃபிடவிட்டோடு (உறுதிமொழிப் பத்திரம்) கட்டிக் கொடுங்கள். ஒட்டிக்கொண்ட அந்த ஆல்பத் தாளையும் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், வெள்ளத்தைப் பற்றி நானே ஒரு கடிதம் எழுதி வைக்கிறேன். இதற்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று சொல்லுங்கள், திங்கட்கிழமை வருகிறேன்.

இப்படிக்கு,
எர்ணாவூர்க்காரி