மழைக்காட்டின் வயது: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மழைக்காடுகள் பற்றிய கட்டுரையில் ‘டைனோசர்கள் உலவிய நாள் முதல் மாறாமல் நிற்கும் காடு’ என்றொரு வரி வந்திருக்கிறது. காட்டின் மேல் கட்டுரையாளருக்கு உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த வரி தவறு. அழிந்த காடு மீள எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற உண்மையையும் அது மறைத்துவிடுகிறது.

இதற்குத் தெளிவான சான்று கொலம்பியாவில் இருக்கிறது. தொல்தாவர ஆய்வாளர்கள் மோனிகா கார்வாலோ, கார்லோஸ் ஹராமியோ குழுவினர் 50,000-க்கும் மேற்பட்ட மகரந்தப் பதிவுகளையும் 6,000-க்கும் மேற்பட்ட இலைப் புதைபடிவங்களையும் ஆராய்ந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டனர். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதும்வரை அங்கே இருந்ததும் வெப்பமண்டலக் காடுதான். ஆனால் அதில் ஊசியிலை மரங்கள், பெரணிகள், பூக்கும் தாவரங்கள் எல்லாம் கலந்து நின்றன. மரங்கள் இடைவெளி விட்டு நின்றதால் வெயில் தரைவரை இறங்கியது. மோதலுக்குப் பின் தாவர வகைகளில் 45 சதவீதம் அழிந்தன. வகைகளின் எண்ணிக்கை பழைய அளவை எட்ட ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. அப்போதும் வந்தது பழைய காடு அல்ல. பூக்கும் மரங்கள், குறிப்பாக அவரைக் குடும்ப மரங்கள் மலிந்து, விதானம் (மர உச்சிகள் சேர்ந்த கூரை) மூடிய இன்றைய வகைக் காடு அப்போதுதான் உருவானது. மரங்களை மிதித்தும் மேய்ந்தும் இடைவெளியைக் காத்த டைனோசர்கள் மறைந்தது, மோதலின் சாம்பல் மண்ணுக்கு உரமானது, ஊசியிலை மரங்கள் கூடுதலாக அழிந்தது என்று மூன்று காரணங்களை அக்குழு முன்வைக்கிறது. மூன்றும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம்.

விதானம் மூடியிருந்ததைக் கல்லில் எப்படிப் படிப்பது? வெயில் படும் இலையில் நரம்புகள் நெருக்கமாக ஓடும். நிழலில் வளர்ந்த இலையில் விலகி ஓடும். ஒரே அடுக்கில் இருவகை இலைகளும் கிடைத்தால் உச்சியில் வெயிலும் அடியில் இருட்டும் இருந்திருக்கின்றன என்று பொருள். அடர்ந்த நிழலில் வளர்ந்த இலையில் கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) அளவும் குறைந்திருக்கும். இரண்டு சான்றுகளும் ஒத்துப்போனால்தான் முடிவு உறுதி.

ஒரே வகைச் சான்றை நம்பினால் ஏமாறுவோம். இலவங்கப்பட்டைக் குடும்பத்து மகரந்தத்தின் மேலுறை மிக மெல்லியது; பாறையில் தங்குவது அரிது. மகரந்தத்தை மட்டும் எண்ணினால் அக்குடும்பமே இல்லை என்று எழுதிவிடுவோம். கொலம்பியாவின் செர்ரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில், சுமார் 5 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பழைய அடுக்கில், அதன் இலைகளே கிடைத்திருக்கின்றன. இலைகளுக்கும் தனிச் சிக்கல் உண்டு. விளிம்பில் பல் இல்லாத இலைகளைக் கொண்ட இனங்களின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதம் கூடினால் சராசரி வெப்பம் 1 டிகிரி கூடும் என்பது பழங்கால வெப்பத்தை இலைகளிலிருந்து கணிக்கும் கணக்கு. ஆனால் ஆற்றங்கரைச் செடிகளில் பல் விளிம்பு அதிகம். கரையோரப் படிவுகளை மட்டும் எடுத்தால் வெப்பம் சில டிகிரி குறைவாகவே வரும்.

சுரங்கத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மழைக்காட்டில் விழுந்த இலை சில மாதங்களில் மக்கிவிடும்; அமில மண்ணில் எலும்பும் தங்காது. சதுப்பிலோ ஏரிச் சேற்றிலோ விழுந்தவை மட்டுமே கல்லாகின்றன. அந்தக் கல்லும் ஆழ்ந்த மண்ணுக்கடியில் கிடக்கிறது. பெரும்பாலும் சுரங்கம் வெட்டினால்தான் கண்ணில் படும்.

குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அப்படித்தான் உதவியது. அங்கே கிடைத்த, 5 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அம்பர் (காலப்போக்கில் இறுகிய மரப்பிசின்) நமக்கு அந்நியமான பொருளல்ல. சித்த மருத்துவத்தில் குங்கிலியம் தரும் சால மரத்தின் குடும்பத்து மரங்கள் வடித்த பிசின் அது. 150 கிலோ அளவில் சேகரித்ததில் பூச்சி, சிலந்தி போன்ற உயிர்கள் 700-க்கும் மேல் கிடைத்தன என்று 2010-இல் அறிவித்தார்கள். வேறு பல அம்பர்கள்போல இது முழுக்க இறுகவில்லை. அதனால் கரைப்பானில் பிசினைக் கரைத்துப் பூச்சியை முழுசாக வெளியே எடுக்க முடிகிறது. நீண்ட காலம் தீவாக மிதந்து வந்த இந்திய நிலத்தில் தனித்துவமான பூச்சிகளே இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் பலவற்றின் உறவினங்கள் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்தவை.

அதே கட்டுரை விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களைக் காட்டி ‘இங்கே மழைக்காடு இருந்தது’ என்கிறது. அவற்றில் குங்கிலியக் குடும்ப மரம் உண்டு என்பது சரி. ஆனால் அங்குள்ள அடிமரங்களில் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. ஆற்று வெள்ளம் உருட்டி வந்து மணலில் புதைத்தவை அவை. காடு மேற்கே எங்கோ நின்றிருக்கலாம். ‘இங்கே வந்து சேர்ந்தன’ என்பதே சரியான வாசகம்.

அங்கே போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சில்லைக்கூட எடுத்து வராதீர்கள். குறுக்காக ஒன்று, நெடுக்காக இரண்டு என மூன்று திசைகளில் அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு, சுமார் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால், சிறு துண்டிலேயே மரக் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அது எந்த மரத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரியாமல் போனால், பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

இப்படிக்கு,
தொல்தாவரவியல் வாசகர், விழுப்புரம்