தெருவில் நிற்கும் கொராடோ

டோர்ட்முண்ட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வூப்பர்டால் ஆட்கள் வந்து போனார்கள், வழக்கம்போல. வேறு புதினம் இல்லை.

ரேகன்ஸ்பேர்க் நகரிலிருந்து ஒரு தண்டப்பணக் கடிதம் வந்தது. கார் இன்னும் என் பெயரில்தானே பதிவில் இருக்கிறது, அதனால் இங்கே வந்துவிட்டது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் அட்டை இல்லாமல் நிறுத்தியதாம். செவ்வாய்க்கிழமை, காலை 6.50. காசைக் கட்டிவிட்டேன், நீ அனுப்ப வேண்டாம். அந்த ஊரில் உனக்கு என்ன அலுவல் என்று நான் கேட்கவில்லை. ஆனால் காலை 6.50க்கு ஒரு கார் தெருவில் நிற்கிறதென்றால் இரவும் அங்கேதான் நின்றிருக்கும். உன் வீட்டுக்குக் கீழே மூடிய இடம் இருக்கிறது, மாதாமாதம் வாடகையும் கொடுக்கிறாய். அப்படியிருக்க 1991ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கொராடோவை மழையில் விடுவானேன்?

வெளியில் நிறுத்தத்தான் வேண்டுமென்றால் சிலவற்றைக் கவனி. கூரைக் கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் தண்ணீர் வடிகிற குழாய்கள் இருக்கின்றன. இலை விழுகிற மரத்தடியில் நின்றால் அவை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் பாசி வாசம் வரும். மெல்லிய நைலோன் கயிற்றை விட்டுச் சுத்தம் செய், கம்பி வேண்டாம், குழாய் கழன்றுவிடும். உள்ளே இனிப்பான வாசம் வந்து கண்ணாடி புகைகட்டினால் அது மழைத் தண்ணீர் இல்லை, சூடாக்கியின் ரேடியேட்டர் ஒழுகுகிறது. இந்த மாடலுக்கு அது பிறவிக் குணம். கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டும்வரை காத்திராதே. குட்டி பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசி.

காலையில் எடுத்தவுடன் மிதிக்காதே. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். ஒயில் சூட்டைக் காட்டும் சின்னத் திரை எதற்கு இருக்கிறது? 80 பாகை வரும்வரை 3000 சுற்றுக்கு மேலே போகாதே. தண்ணீர் சூட்டு முள் சீக்கிரம் ஏறிவிடும், அதை நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். தண்ணீர் வேறு, ஒயில் வேறு. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிற ஜி-லாடரின் முதன்மைத் தண்டுப் பேரிங்குகளுக்கு எஞ்சின் ஒயில்தான் போகிறது, அதற்கென்று தனி ஒயில் கிடையாது. குளிரில் கெட்டியாக இருக்கிற ஒயில் அங்கே போய்ச் சேருவதற்குள் நீ 5000 சுற்றில் பறந்துகொண்டிருப்பாய்.

போன மாதம் நீ காரில் இருந்தபடி கதைத்தாயே, ஒரு இரவு. எல்லாம் சரி அப்பா, சரி அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பின்னால் எஞ்சின் சும்மா நின்று ஓடுகிற சத்தம் கேட்டது. கதைத்து முடியும்வரை நீ எங்கேயும் போகவில்லை. அந்தச் சத்தத்துக்குள் ஒரு கரகரப்பு இருந்தது, தாள் கிழிப்பதுபோல் அல்ல, அதைவிடத் தாழ்வாக. கிளட்சை மிதித்தாயோ தெரியாது, ஆனால் சத்தம் மாறவில்லை, ஆகவே கியர்பெட்டியாக இருக்காது என்று நினைக்கிறேன். அது லாடரின் துணைத்தண்டு பேரிங். ஃபோனில் எப்படித் தெரியும் என்று சிரிப்பாய். நீ சிரிக்கக் கூடாது. உனக்குப் பதினொரு வயதிருக்கும், குசினியில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவன், நான் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் வெளியே வந்து, “அப்பா, இன்றைக்கு வேறு மாதிரிப் பாடுகிறது” என்றாய். பெல்ட் இழுப்பானின் சில்லு தேய்ந்திருந்தது. இருபது வருடம் ஸ்பனர் பிடித்த எனக்கு அது கேட்கவில்லை. ஹம் நகர் அம்மன் கோயிலில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன் என்று அம்மாவைக் கேள். இப்போது அந்தக் காதை எங்கே வைத்திருக்கிறாய்?

ஜி-லாடரை யார் யாரோ சூப்பர்சார்ஜர் என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டுப் போவார்கள். மற்றவற்றில் சுழலிகள் சுழலும். இதில் உள்ளே இருக்கிற சுருள் சுழல்வதே இல்லை. நின்ற திசையிலேயே நின்று சின்ன வட்டமடிக்கும், மேசையைத் துணியால் துடைக்கிற கை போல. 1905இல் லெயோன் குரூ என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிய யோசனை, அதை எண்பது வருடம் கழித்துத்தான் ஃபோக்ஸ்வாகன்காரர்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். போலோவுக்கு 40, கொராடோவுக்கு 60. அந்த எண் சுருளின் அகலம், மில்லிமீட்டரில். 1.8 லீட்டர், 8 வால்வு எஞ்சினிலிருந்து 160 குதிரைச் சக்தி. அந்தக் காலத்துக்கு அது சும்மா இல்லை.

அந்தச் சுருள் திசை மாறாமல் வட்டமடிப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கிற சின்னப் பல்பெல்ட். முதன்மைத் தண்டையும் துணைத் தண்டையும் ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது அதுதான். கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அது சொல்லிக்கொண்டு அறுவதில்லை. அறுந்தால் சுருள் தாறுமாறாகப் போய்க் கூட்டில் அடிக்கும், கூடு போகும், சுருள் போகும், உடைந்த துண்டுகள் காற்றோடு போய் எஞ்சினுக்குள்ளும் விழலாம். பெல்ட்டின் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீ கடைசியாக எப்போது மாற்றினாய்? என்னிடம் இருக்கிற பதிவுப் புத்தகத்தில் நான் எழுதியதுதான் கடைசி வரி. அதற்குப் பிறகு நீ எழுதவில்லையா, மாற்றவில்லையா?

ஒரு சின்னச் சோதனை செய். எஞ்சின் ஆறிய பிறகு லாடரிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற குழாயைக் கழற்றி உள்ளே சுட்டுவிரலை விட்டுத் துடை. விரல் பளபளத்தால் பரவாயில்லை, மெல்லிய ஒயில் படலம் எல்லாக் காரிலும் இருக்கும். விரலில் சொட்டினால் தண்டின் ஒயில் சீல் போய்விட்டது. அந்த ஒயிலை எஞ்சின் குடிக்கும், வெடிப்புத் தட்டும், தட்டினால் உணரி பற்றவைப்பைப் பின்னே தள்ளும், கார் சோம்பும். நீ பெற்றோலைக் குறை சொல்வாய். அழுத்தமானி ஒன்றைக் கோத்துப் பார்த்தால் முழு மிதியில் புதிய லாடர் சுமார் 0.7 பார் காட்ட வேண்டும், அதுவும் கம்பனிப் புல்லியில். உன்னுடையது கம்பனிப் புல்லி இல்லையே.

அதையும் சொல்லிவிடுகிறேன். 78 மில்லிமீட்டர் புல்லியைக் கழற்றி 68 போட்டாய். சிறிய புல்லி, லாடர் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், இழுவை கூடும். நன்றாக இருக்கிறது, நானும் ஓட்டிப் பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுற்று கூடக்கூடப் பேரிங்கும் சுருள் ஓரத்தில் இருக்கிற அடைப்புக் கீற்றுகளும் அதற்கேற்பத் தேயும். 68 போட்டவன் கம்பனிப் புல்லிக்காரனைவிட முந்தித் திறந்து பார்க்க வேண்டும், 50,000 கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. சுப்பர் பிளஸ் 98 மட்டும் அடி. அதோடு, அந்தப் புல்லியை வாகனப் பத்திரத்தில் பதிந்தாயா? பதியாமல் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்புறுதிக்காரன் என்ன சொல்வான் என்பது உனக்குத் தெரியும். டியூவ் வாகனச் சோதனை இந்த வருடம் வருகிறது. பழைய கார்களுக்குக் கொடுக்கிற எச் இலக்கத்தகட்டுக்காக எவ்வளவு அலைந்தோம், அதனால்தானே ஆண்டு வரி 191 யூரோ 73 சென்ட்டோடு நிற்கிறது. ஒரு காரியத்தைச் செய்தால் எழுத்தில் இருக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மறைத்துச் செய்கிறவனுக்குத்தான் இரட்டைச் செலவு.

பற்றவைப்பு நேரத்தைப் பார்த்தாயா? எஞ்சின் சூடான பிறகு நீல நிற வெப்ப உணரியின் இணைப்பைக் கழற்று, 2000க்கும் 2500க்கும் இடையில் சுற்றை வைத்துக்கொண்டு டைமிங் விளக்கை அடி. 6 பாகை காட்ட வேண்டும். இணைப்பைக் கழற்றாமல் பார்த்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் தன் பாட்டுக்குத் திருத்திக்கொண்டிருக்கும்போது இவர்கள் எதை அளக்கிறார்கள்? அந்த நீல உணரியே கெட்டால் காலையில் முக்கும், பெற்றோல் குடிக்கும். மலிவான சாமான், ஒன்று கைவசம் வைத்திரு.

இவ்வளவு எழுதுகிறேனே, ஒரு இரும்புக்காக ஏன் இந்த மனுசன் சாகிறான் என்று நினைப்பாய். நீ பார்க்காத காலம் ஒன்று இருக்கிறது. ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்கு வந்து, அகதியாக இங்கே அனுப்பப்பட்டபோது, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். வேலை செய்யவும் விடமாட்டார்கள். மாமாவின் கலியாணம் பெர்லினில், நாங்கள் போகவில்லை, கடிதம் கிடைக்கவில்லை. 1998இல் இந்தக் காரை வாங்கினேன். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிற ஒஸ்னாபுறுக்கில், கார்மான் பட்டறையில் கட்டிய கார். முதல் ஓட்டமே பெர்லினுக்கு. நீ பின்சீட்டில் முழங்காலில் நின்று பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். 120ஐத் தாண்டியதும் பின்சிறகு தானாக எழும்பியது, நீ கைதட்டினாய். அம்மா உன்னை இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டாள். வழியில் ஒருவரும் மறித்துக் கடிதம் கேட்கவில்லை. மாமாவுக்கு அப்போது மூன்றாவது பிள்ளை பிறந்திருந்தது, அது வேறு கதை.

பெரியப்பா தொண்ணூறுகளில் ஊரில் தன் சோமசெட் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். சாமானே இல்லாத ஊரில் அந்தக் கார் நிற்கவில்லை. உன்னிடம் எல்லாச் சாமானும் இருக்கிறது. பிறகு ஏன் பராமரிக்க முடியவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. வேலை கூடவா? ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு வேலை என்று மருமகள் சொல்கிறாள். நல்ல பிள்ளை, ஒரு குறையும் சொல்லவில்லை. நான் எடுத்தால் உடனே ஃபோனைக் குட்டியிடம் கொடுத்துவிடுகிறாள்.

குட்டி போன கிழமை அப்பம்மாவிடம், அப்பாவின் வீட்டுக் கட்டில் மடிக்கிற கட்டில், பகலில் அது சோபா ஆகிவிடும் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே அவள் வியாழக்கிழமைதான் சொன்னாள்.

80 பாகை வரும்வரை மிதிக்காதே. முன்பே எழுதிவிட்டேனா? பரவாயில்லை.

லாடருக்குப் பல்பெல்ட், அடைப்புக் கீற்றுகள், ஒயில் சீல்கள், நான்கு பேரிங்குகள் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். பெல்ட்டை நீயே மாற்றலாம், மூடியைக் கழற்றினால் தெரியும், ஆனால் தண்டுகளின் குறியைப் பார்க்காமல் கழற்றாதே. கூட்டைப் பிரிப்பதென்றால் தனியாகத் தொடாதே. கீற்றுகளை விரலால் அழுத்திப் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும், ஒன்று தூக்கிக்கொண்டு நின்றாலும் மூடும்போது முறியும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் ரயிலில் வருகிறேன். ஓய்வூதியக்காரனுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். தங்குகிற இடத்தைப் பற்றி யோசிக்காதே, மடிக்கிற கட்டில் எனக்குப் போதும், நீ தரையில் படு.

அம்மா தேர்த் திருவிழாவுக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்கச் சொன்னாள். போன முறை கால்வாயில் அம்மன் தீர்த்தமாடியபோது குட்டி பயந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான்கு பேருக்கு அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறாள். இரண்டு பேர் என்றாலும் சொல். நீ மட்டும் வந்தாலும் வா, சமையலில் ஒன்றும் குறையாது.

பெல்ட்டை இப்போதே அனுப்புகிறேன், மிச்சத்தை வரும்போது கொண்டுவருகிறேன். நான் வரும்வரை நகரத்துக்குள் மட்டும் ஓட்டு, நெடுஞ்சாலைக்குப் போகாதே. பொதியை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று எழுது. இந்த நாட்டில் முகவரி மட்டும் போதாது, வாசல் மணியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்பதையும் எழுது. அது உன் பெயர் இல்லையென்றால் அந்தப் பெயரையும் சேர்த்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் பொதி திரும்பி இங்கேயே வந்துவிடும்.

அன்புடன்,
அப்பா