படத்துக்குக் கீழே பெயர் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் போன வாரம் ஒரு புகைப்படக் கண்காட்சி பார்த்தேன். சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், பெரிய பெரிய படங்களாக, அவ்வளவு அழகு. எங்கள் அம்மாவும் பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தார்கள். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக் கணக்குக்குத்தான் கூலி என்று ஒரு வரிகூட அங்கே இல்லை. படம் எடுத்தவர் பெயர் மட்டும் இருந்தது.

1908 முதல் அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், பெயர், வயது, வேலை என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். சம்மதம் கேட்டு இங்கேயும் செய்யலாமே!

அப்புறம், எங்கள் ஊர் முக்கூடலிலும் இந்தக் கண்காட்சியை வையுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே பீடி சுற்றும் அக்காமார் பாளையங்கோட்டை வர முடியாது.

– ஒரு வாசகர், முக்கூடல்