டிரம்ஸ்காரர் போட்ட ஆல்பம்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பதிவைக் கேட்டேன். டிரம்ஸில் கை பிரமாதமாக ஓடுகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூட வாசிக்கிற பையன்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது, கொஞ்சம் இடம் கிடைத்தாலும் நீயே உருட்டித் தள்ளிவிடுகிறாய். திட்டுகிறேன் என்று நினைக்காதே. பேண்டை நடத்துவதே நான்தான் என்றாயே, அதனால் சொல்கிறேன், பில்லி காப்ஹாமின் 'ஸ்பெக்ட்ரம்' ஆல்பத்தைக் கேள். ரயிலில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு அல்ல, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து.

1973-இல் வந்தது. காப்ஹாம் அப்போது மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார் (பெயரைக் கேட்டு உன் பாட்டி ஏதோ பஜனை கோஷ்டி என்றே நம்பினாள்). தன் பெயரில் அவர் போட்ட முதல் ஆல்பம் இதுதான், நியூயார்க்கின் எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் மூன்றே நாளில் பதிவு செய்தார்கள். ஆள் பிடித்த விதத்தைப் பார். கீபோர்டுக்குத் தன் பழைய கூட்டாளி யான் ஹாமர், சரி. கிதாருக்கு 21 வயது ராக் பையன் டாமி போலின். முக்கியமான பாட்டுகளில் பேஸ் கிதாருக்கு, பாடகர் ஜேம்ஸ் டெய்லருக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த லீ ஸ்க்லார். அந்தப் பாட்டுகளுக்குப் பெரிய ஜாஸ் பெயர்களைத் தேடிப் போகவில்லை மனிதர்.

முதல் பாட்டு 'குவாட்ரன்ட் 4' உனக்குத் தானாகவே பிடித்துவிடும், காலால் அடிக்கிற இரண்டு பேஸ் டிரம்மும் புயலாக ஓடும், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. 'ஸ்ட்ரேட்டஸ்' பாட்டுக்கு வா. கிட்டத்தட்ட பத்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் சிந்தசைசர் ஓசைகளும் டிரம்ஸும் தாளக்கட்டு இல்லாமல் அலையும், பொறுத்துக்கொள். அப்புறம் ஸ்க்லாரின் பேஸ் ஒரு சின்ன வரியோடு உள்ளே வரும், அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார், அசையமாட்டார். அதன்மேல் காப்ஹாம் ஹை-ஹாட்டை, அதாவது அந்த ஜோடிச் சிம்பலை, பொடிப்பொடியாகத் தட்டிக்கொண்டு ஸ்னேர் டிரம் அடியை அதனதன் இடத்தில் வைக்கிறார், அவ்வளவுதான். உலகத்தையே மிரட்டக்கூடிய கை அது, போலின் தன் சோலோவைப் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறது. இடையிடையே ஒரு உருட்டு உருட்டுவார், அடுத்த முதல் அடியில் பழைய இடத்துக்கே வந்து நிற்பார். 1991-இல் மாசிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் குழு தங்கள் 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' பாட்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொண்டது சோலோவை அல்ல, அந்த பேஸையும் டிரம்ஸையும்தான். போலின் பாவம், 1976-இல் 25 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீடியோ கிடைத்தால் காப்ஹாமின் கைகளையும் கவனி. பலரைப் போல ஒரு கைமேல் இன்னொன்றைக் குறுக்கே போடமாட்டார், இடது கையாலேயே ஹை-ஹாட், வலது கை ஸ்னேருக்கு. நீ இடது கைக்காரிதானே, நீயும் முயன்று பாரேன்.

அடுத்த ஒத்திகையில் உன் பேஸ் பையனிடம் நாலு பார் கொடுத்து அதையே வாசிக்கச் சொல், நீ அவன் கூடவே இரு, கிதார்காரன் முடிக்கும்வரை ஒரு உருட்டும் வேண்டாம். அதைப் பதிவு செய்து மெயிலில் அனுப்பு, வாட்ஸ்அப்பில் வந்தால் சிம்பல் சத்தமெல்லாம் நசுங்கிப்போகிறது. அம்மா பருப்புப்பொடி கூரியரில் போட்டிருக்கிறாள், வந்ததும் சொல்.

அப்பா