அரசடிப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறேன்

அளவெட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய செய்தியை அம்மாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டிவிட்டேன். "அப்பா, ரவுனுக்குள்ள வாடகைக்கு ஒரு வீடு பாருங்கோ. கனக்க வாடகை ஏலாது. நானும் பிள்ளையளும் பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் நடந்து போகவேணும்." இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இடமாற்றம் எப்போது கேட்டாய், எந்த மாதம் வருகிறாய் என்று போனில் கேட்டால் "பிறகு கதைக்கிறன் அப்பா" என்கிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன திங்கள் தொடங்கி ஐந்து நாள், காலை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாண ரவுனுக்குப் போய் மத்தியானம் திரும்பினேன். தபால் சைக்கிளில் முப்பது வருடம் திரிந்த ஒழுங்கைகள்தான். ஆனால் சைக்கிளில் போகிறவன் கண்ணுக்குப் படாதது எத்தனையோ இருக்கிறது. குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போவதாக நினைத்து, அவளுடைய எட்டுக்கு நடந்து பார்த்தேன். எந்த இடத்தில் வாய்க்கால் மூடி உடைந்திருக்கிறது, எங்கே கட்டாக்காலி நாய் படுத்திருக்கிறது, காலை ஏழரைக்கு எந்தச் சந்தியில் மோட்டார் சைக்கிள்காரர் கண்மண் தெரியாமல் திரும்புகிறார்கள் என்று எல்லாம் பார்த்து கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் திருநெல்வேலி. சந்தை காலடியில், பலாலி வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. உனக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் அது கம்பஸ் பிள்ளைகள் தங்குகிற இடம். ஒரு அறைக்கு மூன்று பேரை விட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பழகிய வீட்டுக்காரர்கள், குடும்பத்துக்கு முழு வீட்டைக் கொடுக்கவே யோசிக்கிறார்கள். கொடுத்தாலும் அதே கணக்கில்தான் வாடகை சொல்கிறார்கள். அதோடு, காலையில் பலாலி வீதியைக் கடக்க நானே நெடுநேரம் நின்றேன். வயிற்றுப் பிள்ளையோடு நீ, இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள். சரி வராது.

கொக்குவிலில் வாடகை குறைவு. மாநகரசபை எல்லைக்கு வெளியே என்பதால் வளவும் கொஞ்சம் பெரிது. புகையிரத நிலையம் இருக்கிறது, காற்று இருக்கிறது. ஆனால் உனக்குக் கார்த்திகையில் நாள். அடை மழையில், இரவில் வலி வந்தால் ஓட்டோ கிடைத்தால்தான் உண்டு. மருமகன் தம்பி பக்கத்தில் இருந்தால் வேறு கதை. அவர் இங்கே வேலை மாற்றம் கேட்டிருக்கிறாரா, கொழும்பிலிருந்து சனி ஞாயிறு வந்து போவாரா என்று நீ ஒன்றும் எழுதவில்லை. அம்மா கேட்கச் சொன்னார்.

குருநகர்ப் பக்கமும் போனேன். பெரியாஸ்பத்திரிக்கும் பஸ் நிலையத்துக்கும் கிட்ட. மனிதர்கள் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள். வீடு ஒன்று வடிவாகவும் இருந்தது. கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து வாயில் விட்டேன், உவர். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் வாங்க வேண்டும். வெள்ளவத்தையில் குழாயைத் திறந்து பழகியவளுக்கு இது விளங்காது. இங்கே வீடு பார்க்கப் போனால் முதலில் கிணறு, பிறகுதான் கூரை.

தண்ணீரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், பொறுமையாக வாசி. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல்; மேலே ஊற்றியது கீழே இறங்கிவிடும். கழிவுநீர்க் குழாய்த் தொகுதி ரவுனிலும் இல்லை, வீட்டுக்கு வீடு குழிதான். இப்போது ஒரு வளவை மூன்றாகப் பிரித்துக் கட்டுகிறார்கள், ஒருவர் குழிக்குப் பக்கத்தில் மற்றவர் கிணறு. 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்று அந்த நாளிலேயே பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர் ஐயா, வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். குழிகளிலிருந்தும் தோட்டப் பசளையிலிருந்தும் நைத்திரேற்று தண்ணீருக்குள் போகிறது. பால்மா கரைக்கிற தண்ணீரில் அது கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக மாட்டாது, உடம்பு நீலம் பாரித்துவிடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். நீ படித்தவள், உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் எழுதுகிறேன். வீட்டை நீ வந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் விடு. தண்ணீரைப் பார்க்காமல் மட்டும் ஓமென்று சொல்லாதே.

இனி நான் பார்த்து வைத்திருக்கிற வீடு. அரசடி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில், இடது கைப் பக்கம் நாலாவது படலை. பழைய ஓட்டு வீடு, இரண்டு அறை, முன்னுக்கு விறாந்தை, பின்னால் ஒரு சாய்ப்பு. வீட்டுக்கார அம்மா தனியாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறார். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் என் எட்டில் இருபத்தாறு. தண்ணீர் வாய்க்கு நல்லது, என்றாலும் ஒரு போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். மழைக்கு வெள்ளம் நிற்குமா என்று வீட்டுக்காரரைக் கேட்டால் நிற்காது என்றுதான் சொல்வார்கள். அதனால் எதிர் வீட்டுக் கிழவியைக் கேட்டேன். 2008 நிஷா புயலுக்கு ஒழுங்கையில் முழங்காலளவு நின்றது, விறாந்தைக்கு ஏறவில்லை என்றார். நிஷாவுக்கே ஏறாத வீடு என்றால் போதும்.

அங்கிருந்து இந்துக் கல்லூரிக்கும் பக்கத்து ஆரம்பப் பாடசாலைக்கும் குட்டியின் எட்டில் பத்து நிமிடம். பாதி வழி மதிலுக்கு மேலால் வேம்பும் மாவும் நிழல் விழுத்துகின்றன, ஒன்றரை மணி வெயிலிலும் நடக்கலாம். மகளிர் கல்லூரி அதைவிடக் கிட்ட. சந்தியில் பலசரக்குக் கடை, மருந்துக் கடை, காலையில் மீன் கொண்டுவருகிற சைக்கிள். பெரியாஸ்பத்திரிக்கு நான் இருபத்தைந்து நிமிடத்தில் நடந்தேன். உன்னை நடக்க விடமாட்டேன், ஓட்டோக்காரர் ஒருவருடைய இலக்கம் வாங்கி வைத்திருக்கிறேன். வாடகை 40,000 சொன்னார், ஆறு மாத முற்பணம். நீ கேட்டதற்குக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் வான் காசும் ஓட்டோக் காசும் மிஞ்சும் என்று கணக்குப் பார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று. குட்டிக்கு வருகிற தையில் முதலாம் வகுப்பு, விண்ணப்பம் போடுகிற காலம் இதுதான். அரைவாசி இடம் பள்ளிக்கூடத்துக்குக் கிட்டக் குடியிருப்பவர்களுக்கு. அதற்கு வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடப் பதிவு பார்ப்பார்கள். சொந்தப் பெயரில் காணி உறுதி இருந்தால் புள்ளி கூட, வாடகை ஒப்பந்தத்துக்குக் குறைவு. சேவைத் தேவைக்காக மாற்றலாகி வருகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று கொஞ்ச இடம் தனியாக உண்டு. நீயாகக் கேட்டு வாங்கிய மாற்றம் அதற்குள் வருமா என்று விசாரி. நீயாகத்தான் கேட்டாயா?

நல்லூரை ஏன் விட்டேன் என்று நினைப்பாய். நீ கேட்ட எல்லாம் அங்கே இருக்கிறது. நல்ல தண்ணீர், அமைதியான ஒழுங்கைகள், கோயில். திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வாகனமே விடமாட்டார்கள், பிள்ளைகள் வீதியில் ஓடித் திரியலாம். வாடகை கூட என்று அம்மாவுக்குச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் நான் அந்தப் பக்கம் வீடு தேடாததற்குக் காரணம் அது இல்லை.

வெள்ளிக்கிழமை போனேன். அம்மாவின் மூன்று பரப்புக் காணியைப் பார்க்கத்தான் போனேன். வேலியும் கதியாலும் இல்லை, ஆளுயர மதில். மேல்மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் வெளிநாட்டில். கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும் நிற்கிறது. ஒரு கொப்பு மதிலுக்கு வெளியே வந்து, பழம் ஒழுங்கையில் விழுந்து வெடித்துக் கிடந்தது. அணில் ஒரு பக்கம் தின்றிருந்தது. மற்றப் பக்கம் நல்ல பழம். எடுக்க மனம் வரவில்லை.

மகள், இதை உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. 95இல் ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் போனபோது உனக்கு எட்டு வயது. அரிசியும் உடுப்பும் நான் தூக்கினேன். அம்மா அந்தக் காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் சொருகியிருந்தார். சாவகச்சேரியில் ஆறு மாதம் நனைந்தும் காய்ந்தும் இருந்தோம், அந்தத் தாளில் ஒரு துளி படவில்லை. "இது மூத்தவளுக்கு" என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தார். 2013இல் மாப்பிள்ளை வீட்டார் காணி வேண்டாம், டொனேசன் காசாகத் தாருங்கள் என்றபோது, ஏ9 வீதி திறந்து காணி விலை ஏறியிருக்கிறது, இனி இப்படி ஒரு விலை வராது என்று புரோக்கர் என் காதில் ஓதினார். நான் கேட்டேன். அம்மா ஒரு முறைதான் சொன்னார். "காணி இருந்தால் பிள்ளை எந்த நேரமும் வந்து நிற்கும்." நான் பதில் சொல்லவில்லை. நொத்தாரிசு வீட்டில் பேனையைத் திறந்து அம்மாவின் கையில் வைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ ஓமென்றுதான் சொல்லியிருப்பாய், நீ அப்படிப்பட்ட பிள்ளை. அதனால்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் காசு எந்த வழியால் போனது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தங்கச்சிக்கு இந்த வீட்டை எழுதினேன், உனக்குக் காசாக எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்றைக்கு நீ ரவுனில் வாடகைக்கு வீடு பார் என்று எழுதுகிறாய், அளவெட்டிக்கு வரட்டுமா என்று கேட்கவில்லை. தங்கச்சியின் பெயரில் இருக்கிற வீடு என்று யோசிக்கிறாய் போல. அவள் போனமாதம் கனடாவிலிருந்து போன் எடுத்து, "அக்கா வந்தால் மேற்கு அறையைத் திறந்து குடுங்கோ" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமலே சொன்னாள். உங்களுக்குள் கதைத்திருக்கிறீர்கள் என்று விளங்குகிறது. நல்லது, அவளிடமாவது கதை.

வேலையும் பள்ளிக்கூடமும் ரவுனில் என்றால் அளவெட்டி தூரம்தான். நான் மறிக்கவில்லை. ஆனால் மழை முடியும்வரை, பிள்ளை பிறந்து நாற்பத்தொன்று கழியும்வரை இங்கே வந்து நில். அல்லது அம்மா அரசடிக்கு வந்து உன்னோடு நிற்பார். முழங்கால் நோவு என்று படி இறங்க மாட்டாதவர், நேற்றுப் பையைத் தட்டி வெயிலில் போட்டிருக்கிறார்.

வீட்டுக்கார அம்மா வெள்ளிவரைக்கும் வேறு ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்றார். ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் போடுவது என்று கேட்டார். என் மகளின் பெயர் என்று சொல்லிவிட்டேன். தம்பியின் பெயரும் சேர்க்க வேண்டுமென்றால் எழுது. வேண்டாமென்றாலும் எழுது. இரண்டில் எதை எழுதினாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். உன் அடையாள அட்டைப் பிரதி ஒன்று வேண்டும். முற்பணத்தை நான் கட்டுகிறேன், அதை மட்டும் மறிக்காதே.

தண்ணீர் முடிவு வியாழன் வரும். வந்ததும் போன் எடுக்கிறேன். எடுத்தால் வைத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா